தேதி எழுதிய மிஸ்ஸி

மிஸ்ஸி என்று நாங்கள் அழைத்த அந்த நர்ஸ் காஜா பெராங்கைச் சேர்ந்தவர்; மலாய் பேசிப் பழகிய பழைய தமிழ்க் குடியான சிட்டிச் சமூகத்துப் பெண். குள்ளமானவர். பென்சில் முனையை நாக்கில் தொட்டுத்தான் எழுதுவார். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருடம், மருத்துவமனையில் என் மனைவியின் கருப்பையைச் சுரண்டித் திசு எடுத்த அன்று அவரைச் சந்தித்தேன். மனைவி மயக்கத்தில் இருந்தாள். திசுவோடு அனுப்பும் தாளில் எழுத, கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்டார்.

“இரண்டு வாரத்துக்கு முன்னால” என்றேன்.

“அக்கா முழிக்கட்டும், கேட்டுக்கிறேன்லா.”

“எனக்குத் தெரியாதா? எழுதுங்க.”

“அலாமாக்! ரத்தம் வாத்தியாருக்கா போச்சு?” என்று சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

நான் சொன்னது பொய். ஐந்து மாதமாக அவளுக்கு உதிரம் போவது தெரிந்தும் சும்மா இருந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டேன்.

திசு அந்தத் தேதிக்குப் பொருந்தவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று பரிசோதனைக் கூடத்திலிருந்து பதில் வந்தது. மனைவி நடுங்கிப் போனாள். மிஸ்ஸி அவளிடமே கேட்டார்.

“தீபாவளிக்கு வந்தது மிஸ்ஸி, இன்னும் நிக்கவே இல்ல.”

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன்.

“நான்தான் தப்பா எழுதிட்டேன் அக்கா, மன்னிச்சிருங்க.”

சரியான விவரம் போனது. புற்று இல்லை, உட்படலம் தடித்திருக்கிறது, மருந்து போதும் என்று பதில் வந்தது. மனைவி குணமாகி நெடுங்காலம் நன்றாக வாழ்ந்தாள்.

“பாவம், நல்ல மனுஷி. ஆனா ஒரு தேதி ஒழுங்கா எழுதத் தெரியல” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடவே சிரித்தேன், அவள் கண் மூடும்வரை.