எங்கள் லைன் சொன்ன சாட்சி

என் அண்ணனை இலங்கையிலிருந்து நாடு கடத்தினார்கள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. கொலையா செய்தார், கொள்ளையா அடித்தார்? பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவரை இறக்கி, அந்த நாட்டில் இருப்பதற்குச் சீட்டு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றதும் கள்ளத்தோணியில் வந்தவன் என்று எழுதி, முகாமில் அடைத்து, கப்பல் ஏற்றிவிட்டார்கள். மலைத் தோட்டத்தில் அண்ணியும் நாலு வயதுப் பெண்ணும், சந்தைக்குப் போனவர் திரும்பி வருவார் என்று சோறு வைத்துக் காத்திருந்தார்களாம்.

தனுஷ்கோடியில் வந்து இறங்கியவருக்கு இந்தியாவில் தெரிந்த ஒரே வீடு என் வீடு. நானும் அவரைப் போலவே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள்தான்; அங்கேயே பிறந்தாலும் எங்களில் பலருக்கு அந்த நாட்டுப் பிரஜா உரிமை கிடையாது. அத்தை மகனைக் கட்டிக்கொண்டு கோலார் தங்க வயலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் டிம்பர்மேன். பூமிக்கு அடியில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. கம்பெனி வரிசையாக ஒட்டிக் கட்டிக் கொடுத்த லைன் வீடு, தகரக் கூரை, மூங்கில் தட்டிச் சுவர். பக்கத்து வீட்டில் தும்மினால் நம் வீட்டில் ஆயுசு நூறு என்று சொல்லலாம். அந்த வாசலில் அண்ணன் தாடியும் அழுக்குச் சட்டையுமாக வந்து நின்றதைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் லைனே கூடிவிட்டது.

வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. திரும்பிப் போக வேண்டும். ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒருவர், தோணிக்காரர்கள் இருக்கிறார்கள், ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்றார். அண்ணன் சீறி விழுந்தார்.

"செய்யாத தப்பைச் செஞ்சேன்னு அனுப்பிட்டாங்க. இப்ப அதையே செய்யச் சொல்றீங்களா? போனா சட்டப்படிதான் போவேன்."

அதனால் பங்காருபேட்டையில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். நல்ல மனுஷர். நாடு கடத்தின உத்தரவு நிற்கிறவரை விசா கேட்பதே வீண் என்றார். "முதல்ல அந்த உத்தரவை ரத்து பண்ணச் சொல்லி உங்க சம்சாரம் அங்க மனு கொடுக்கட்டும். அவங்க அந்த நாட்டுப் பிரஜை, அவங்க பேச்சு எடுபடும். நீங்க சின்ன வயசிலேர்ந்து தொடர்ந்து அங்கதான் இருந்தீங்கன்னு மட்டும் நிரூபிக்கணும். நடுவுல எப்பவாவது இந்தியா வந்தீங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். வந்திருந்தார். என் கல்யாணத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்து, தாலி ஏறியதும் அடுத்த மாதமே கப்பலேறிப் போய்விட்டார். திரும்பிப் போனதற்கு ஆதாரமாக இருந்த சீட்டை யார் பத்திரமாக வைத்தார்கள்? அதைத்தான் இலங்கை அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் போனவன் இந்தியாவிலேயே தங்கிவிட்டான், பிறகு பல வருஷம் கழித்துத் தோணியில் வந்து நுழைந்தான் என்பது அவர்கள் கட்சி. ஆக, கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் இங்கே இல்லை என்று தெரிந்தால் போதும், அவருக்கு வழி திறந்துவிடும். இல்லாத மனுஷன் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? எனக்கு அன்றைக்கு மனசு லேசாகிவிட்டது.

அண்ணி அங்கே மனு போட்டாள். மாதக்கணக்கில் பதில் இல்லை. அண்ணன் மரக்கடையில் வேலைக்குப் போய் வந்தார். தபால்காரர் லைனுக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார், தாண்டிப் போனதும் உட்காருவார். பார்க்கச் சகிக்காது.

இங்கே எங்கள் லைன் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தில் தங்கம் திருட்டுப் போனால் மப்டியில், சாதா உடுப்பில், போலீஸ் ஆட்கள் வந்து வீடு வீடாக விசாரிப்பார்கள். யார் எங்கே போனான், எப்போது வந்தான் என்று தோண்டுவார்கள். ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் ஒரு குடும்பத்துக்கு வேலையும் போகும், வீடும் போகும். அதனால் மப்டி ஆள் யாரைப் பற்றிக் கேட்டாலும் லைனில் ஒரே பதில்தான். நம்ம ஆளு, இங்கயேதான் கீறாரு, எங்கயும் போகலை. குழாயடியில் காலையில் என் முடியைப் பிடித்து இழுத்தவள்கூட, சாயங்காலம் என் வீட்டுக்காரருக்காக அதையே சத்தியம் பண்ணுவாள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. தண்ணீர் குடிக்கிற மாதிரி தானாக வரும்.

ஒருநாள் நானும் அண்ணனும் வக்கீலைப் பார்த்துவிட்டு ரயிலில் வந்து இறங்கி லைனுக்குள் நுழைந்தோம். எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் பல்.

"வாமே, வா! இன்னிக்கி உங்கண்ணனை நாங்கதான் காப்பாத்தினோம். மப்டில ஒரு ஆளு வந்தான்மே. இவரு எப்பலேர்ந்து இங்க கீறாருன்னு கேட்டான். மறுபடியும் புடிச்சினு போகத்தான் வந்துட்டான்னு எனக்குப் பகீர்னு ஆயிடுச்சி. தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவரு, அப்பலேர்ந்து நம்ம லைன்லயேதான் கீறாரு, எங்கயும் போகலைன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். எல்லாரும் ஆமான்னாங்க. எழுதிக்கினு, கைநாட்டும் வாங்கிக்கினு போயிட்டான்!"

"அடி பாவி! குடியைக் கெடுத்துட்டியேடி!" என்று அலறினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இலங்கையிலிருந்து எழுதிக் கேட்டதற்காக நம்முடைய போலீஸ் விசாரிக்க வந்திருக்கிறது, அண்ணன் இங்கே இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் கத்திக் கத்திச் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் சுண்டிப்போனது. வாயில் என்னென்னவோ வந்தது எனக்கு. அத்தனையும் சொன்னேன்.

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவங்களை ஏன் திட்டுறே? நல்லதுன்னு நெனச்சுத்தானே சொன்னாங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "கூடப் பொறந்தவ நீ சொன்னா நம்ப மாட்டாங்கம்மா. சொன்னவங்களே ஸ்டேஷனுக்குப் போயி, அன்னிக்குச் சொன்னது பொய்னு எழுதிக் குடுக்கணும். சீக்கிரமா."

போலீசிடம் பொய் சொன்னேன் என்று போலீசிடமே யார் போய்ச் சொல்லுவார்கள்? வீடு வீடாகப் போனேன். "இன்னாம்மா இது, நாங்க புள்ளகுட்டிக்காரங்க" என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எதிர்வீட்டு அக்காவுக்கு எல்லாரையும்விட ஆபத்து. முந்தின வருஷம் அவள் வீட்டுக்காரர் மேல் திருட்டுச் சந்தேகம் வந்தபோது, அவர் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார் என்று இவள் சொன்னதால்தான் அவர் வேலை தப்பியது. அது உண்மையா என்று லைனில் யாரும் கேட்கவில்லை. இப்போது இவள் ஒரு பொய்யை ஒத்துக்கொண்டால், பழையதையும் கிளறுவார்கள். அதனால் அவளிடம் மட்டும் நான் கேட்கவில்லை. அவளும் என் கண்ணில் படாமல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள்.

ஒரு காலையில், முதல் ஷிப்டுக்கு அவள் வீட்டுக்காரர் இறங்கிப் போனதும், சர்ச்சுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "கெளம்புமே. அந்த மனுஷன் வர்றதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்" என்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

ஸ்டேஷனில் அதே மப்டி அதிகாரி இருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னிக்குச் சொன்னதுதான் பொய் சார். அந்த வருஷமே அவரு கப்பல்ல போயிட்டாரு."

"அப்ப இதுக்கு முன்னால எப்பெல்லாம் எங்ககிட்ட பொய் சொல்லியிருக்கே?"

என் கைக்குள் இருந்த அவள் கை ஈரமாகிவிட்டது. அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அவள், "நான் இத்த சொல்ல வந்தேன் சார். இத்த எழுதிக்குங்க. மத்தத்த கேக்கணும்னா வீட்டாண்ட வாங்க, சொல்றேன்" என்றாள்.

அவர் பேனாவைத் திறந்து எழுதினார். அப்புறம் பல நாள் எங்கள் இரண்டு வீட்டிலும் யாராவது வாசலில் இருமினால்கூட உள்ளே நடுக்கம்தான். நல்லவேளை, யாரும் வரவில்லை.

ஆனால் முதல் வாக்குமூலம் முன்னாலேயே இலங்கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டாவது பின்னால் போனது. இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டுவதால் எதையும் நம்ப முடியாது, நாடு கடத்தின உத்தரவு நிற்கும் என்று, அண்ணன் வந்து மூன்று வருஷமான பிறகு அங்கிருந்து பதில் வந்தது. அண்ணியின் முகத்துக்காக ஒரே ஒரு சலுகை காட்டினார்கள். அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து, அங்கே குடியிருக்கும் உரிமை எனக்கு இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், குடும்பத்தைப் பார்த்துவிட்டு வரக் கொஞ்ச நாளுக்கு விசா தருவார்கள்.

"போட்டா புள்ளையைப் பார்க்கலாம்" என்றார் வக்கீல். "ஆனா இனிமே அங்க வாழணும்னு கேக்க முடியாது. போடலைன்னா மேல்முறையீடு பண்ணலாம். அது எப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாது."

"போடாதண்ணே!" என்றேன். "அது உன் வீடு. நீ என்னா விருந்தாளியா?"

அண்ணன் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். "பால் பல்லெல்லாம் விழுந்திருக்கும் தங்கச்சி. புதுப் பல்லோட எப்படிச் சிரிக்குதுன்னாவது பார்க்கறேனே" என்றார். போட்டுவிட்டார்.

பாஸ்போர்ட்டும் விசாவும் வந்து அவர் கப்பலேறிப் போன பிறகு எனக்கு இரண்டு பயம். நாள் தாண்டித் தங்கி மாட்டிக்கொள்வாரோ என்பது ஒன்று. தங்காமல் வந்துவிடுவாரோ என்பது இன்னொன்று. விசா முடிவதற்குச் சில நாள் முன்னதாகவே வந்து நின்றார்.

சோறு போட்டேன். சாப்பிட்டு முடிக்கிறவரை பொறுத்திருந்துவிட்டு, புள்ளை ஒட்டிக்கொண்டதா என்று கேட்டேன்.

"ஒட்டாம என்னா? மடியை விட்டு எறங்கலை" என்றார். "ஆனா தெனம் காலையில எழுந்ததும் என்கிட்ட வந்து, அப்பா, நீங்க எப்ப போவீங்க, எப்ப போவீங்கன்னு கேக்கும். நாள் தாண்டினா போலீஸ் வந்துடும்னு அவங்கம்மா சொல்லி வச்சிருக்கா. பாவம், பயந்துபோயிடுச்சு. கடைசில ஒருநாள் நான் எழுந்து பார்க்கறேன், என் வேட்டி சட்டையெல்லாம் அதுவே மடிச்சு, பையில போட்டு, வாசப்படியில கொண்டாந்து வச்சிருக்கு."