கறிக்கு எடுத்த மீன்

நிறஞ்சலாவுக்கு நாற்பத்தாறு வயது. பேசாலைப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறார். தாய் பாரிசவாதத்தில் படுக்கை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அந்த அம்மாவைப் புரட்டிவிட வேண்டும். பகலில் அது, தாயைப் பார்க்கச் சம்பளத்துக்கு வந்து நிற்கும் என் வேலை, ஆறு மணிக்குப் பிறகு நிறஞ்சலாவின் வேலை. அவர் ஒழுங்காகத் தூங்கி மூன்று வருடமாகிறது. அதைப் பற்றிப் பேசமாட்டார். பேசினால் தூக்கம் வந்துவிடுமா என்ன.

இந்த வருடம் மாசியில் அவருக்கு இன்னொரு கவலை சேர்ந்தது. வகுப்பில் அனுஜா என்றொரு பிள்ளை. தகப்பன் வின்சன்ட் கடலுக்குப் போகிறவர். வசனக் கணக்கு என்றால் பிள்ளை அடிக்கடி பிழை விட்டாள். மாத முடிவில் அதிபர் சோதனை வைப்பார். பத்தில் ஐந்து எடுக்காத பிள்ளைகளைப் பட்டினத்து விசேட வகுப்புக்கு மாற்றுவதாகப் பேச்சு. அனுஜாவைத் தினமும் பஸ்சில் கூட்டிப்போக வீட்டில் ஆளில்லை. மாற்றினால் அவள் படிப்பு அத்தோடு சரி.

ஆகவே பள்ளி விட்டதும் அவளைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். கடற்கரைப் பிள்ளைக்கு விளங்கட்டும் என்று மீனும் நண்டுமாகத் தானே கணக்கு எழுதினார். தோமஸ் 24 மீன் பிடித்தார், 15 மீன் விற்றார், மீதி எத்தனை? அனுஜா ஐந்து என்று எழுதினாள். வெறும் இலக்கமாகக் கொடுத்தால் சரியாகக் கழித்தாள். வசனமாகக் கொடுத்தால் பாதிக்கு மேல் பிழை. நிறஞ்சலாவோ இரண்டு கிழமையாக வெறும் கழித்தலையே போட்டுக்கொண்டிருந்தார். களைத்த மனிசர் கைக்குப் பழகிய மருந்தையே திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். எப்படிச் செய்தாய் என்று முதல் நாளே கேட்டிருக்கலாம்.

கேட்டது மூன்றாம் கிழமை, அதுவும் எரிச்சலில்.

"இருபத்துநாலிலை பதினைஞ்சு போனா அஞ்சோ? மற்ற நாலையும் பூனையோ திண்டது?"

"இல்லை ரீச்சர். கறிக்கு எடுத்தது."

"ஆர் எடுத்தது?"

"தோமஸ்தான். கரைக்கு வந்தவுடனை கறிக்கு எடுத்து வைச்சிட்டுத்தானே விக்கிறது. எங்கட அப்பா நாலு எடுப்பார்."

நிறஞ்சலா பென்சிலைக் கீழே வைத்தார். அவருடைய தகப்பனும் கடலுக்குப் போனவர்தான். அவரும் அப்படித்தான் எடுப்பார். கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினார். மாங்காய்க் கணக்கும் பென்சில் கணக்கும் சரி. மீனும் நண்டும் வந்த இடமெல்லாம் நாலு நாலாகக் குறைந்திருந்தது.

"கணக்கிலை எழுதியிருக்கிறதை மட்டும்தான் கழிக்க வேணும், பிள்ளை. கறிக்கு எடுத்ததெண்டு இதிலை கிடக்கோ?"

"இல்லை." அனுஜா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப தோமஸ் வீட்டிலை என்னத்தோட சோறு தின்னுறது?"

"சம்பலோட. அது அவையின்ர பாடு."

"பாவம் ரீச்சர்."

"பாவமெண்டால் நீ கொண்டுபோய்க் குடு. இப்ப எழுது."

அதன்பிறகு வேலை இலேசாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பழக்கம் கையில் கிடந்தது. ஒவ்வொரு கணக்கையும் இரண்டு தரம் வாசிக்க வைத்து, படம் கீற வைத்தார். பிடித்ததற்கு வட்டம், விற்றதற்கு வெட்டு, சொல்லாததற்கு ஒன்றுமில்லை. எட்டு நாள் இதேதான். இடையில் ஒருநாள் அனுஜா கூடுதலாக நாலு வட்டத்தை வெட்டிவிட்டு, தானே அழிறப்பரால் அழித்தாள்.

சோதனையில் அவளுக்குப் பத்துக்கு ஏழு. நிறஞ்சலா தாளைக் கொண்டுவந்து காட்டினார். நண்டுக் கணக்கின் விடை பதினெட்டு, சரி. அதற்குக் கீழே, "கறிக்கு ஒன்றும் எடுக்கவில்லை" என்று சின்ன எழுத்தில் இருந்தது. அதிபர் அந்த வரியைச் சிவப்பால் வெட்டிவிட்டுப் புள்ளியைக் கொடுத்திருந்தார்.

"இனி அவளை எங்கயும் மாத்த மாட்டினம்," என்றார் நிறஞ்சலா. சொன்ன கையோடு கதிரையிலேயே தூங்கிப்போனார்.

ஆறு மணிக்கு அவருடைய முறை. எழுப்பினேன்.