இரண்டாவது சரணத்தில் சீழ்க்கை

மைக்கை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பாட்டை ஓடவிடாமல் டெல்ஃபின் பேசத் தொடங்கிவிடுவார். "எட்கர் பலோமா இந்தப் பாட்டைப் பாடுனப்போ கால்ல செருப்பு இல்ல. ஏன் தெரியுமா?"

கை நீட்டிக் காத்திருக்கும் எதிர்வீட்டு நெனிங்குக்கு அது தேவையில்லை. "நான் பாடிட்டுப் போய் உலை வைக்கணும், அண்ணே. அவர் செருப்பை நாளைக்குத் தேடலாம். குடுங்க!"

கரோக்கிப் பெட்டியை வாடகைக்கு விடுவது டெல்ஃபினின் தொழில். பூப்போட்ட பழைய படுக்கை விரிப்பால் அதைப் போர்த்தி, மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியில் கயிறு கட்டி, இலோய்லோ நகரில் எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் கொண்டுபோவார். உருகி உருகிப் பாடும் ஆண்களைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வார்: யார் காய்ச்சலோடு பாடினார், மின்சாரம் போனபின் யார் மைக் இல்லாமல் அரங்கத்தை அழவைத்தார். பாடகிகளைப் பற்றிக் கேட்டால், "அது என் பொண்டாட்டி டிபார்ட்மென்ட்." அவர் மட்டும் பாடமாட்டார். "நான் பாடினா மெஷின் என்னைத்தான் வாடகைக்கு விடும்."

பாடி முடித்ததும் திரையில் மதிப்பெண் வரும். துக்க வீடுகளில் அதை அணைத்துவிடுவார். "இங்க எல்லாரும் பாஸ்."

என் கணவர் ரோமெலுக்கு ஒரே பாட்டுத்தான். பாடகர் நார்டோ அல்மெண்ட்ராஸ் எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் அதைப் பாடியபோது இரண்டாவது சரணம் மறந்துபோய், அந்த இடம் முழுவதையும் சீழ்க்கையடித்தே நிரப்பினாராம். ஒவ்வொரு விருந்திலும் டெல்ஃபின் இதைச் சொல்வார். ரோமெல் அதேபோல் சீழ்க்கையடிப்பார்.

ரோமெல் இறந்தபோது, கேட்காமலேயே டெல்ஃபின் கரோக்கிப் பெட்டியோடு வந்து நின்றார். சவப்பெட்டி கூடத்தில் இருந்தது. என் மாமனார் எலிசியோ அடுக்களையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. கூடத்துக்கே வரவில்லை. மறுநாள் அடக்கம். மகன் முகத்தைப் பார்க்காமலே இருந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அன்று பிற்பகல், எங்கள் துக்க வீடுகளில் வழக்கம்போல் சீட்டாடுபவர்கள் தர்ப்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். டெல்ஃபின் மைக்கைத் தட்டினார். "நார்டோ இந்தப் பாட்டைப் பாடுனது பகோலோட்ல. கொட்டுற மழை. ரெண்டாவது சரணத்துல தொண்டை கட்டிருச்சு, பாவம், மேடையை விட்டே இறங்கிட்டாரு."

நெனிங் சீட்டைக் கீழே வைத்தாள். "என்ன அண்ணே, மூளை குழம்பிருச்சா?"

"அப்படித்தான் நடந்துச்சு," என்றார் டெல்ஃபின், அடுக்களைப் பக்கம் சத்தமாக.

அடுக்களையில் நாற்காலி தரையில் உரசும் ஓசை.

"எவன்டா சொன்னான் பகோலோட்டுன்னு?" மாமனார் வாசற்படியில் நின்றார். "நம்ம சதுக்கத்துலடா! ஒரு சொட்டு மழை இல்ல! இறங்கிட்டாராம்ல! விசிலடிச்சாருடா! என் பையன் என் தோள்மேல உக்காந்து…"

பேசிக்கொண்டே கூடத்தின் நடுவரைக்கும் வந்துவிட்டிருந்தார். எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது அவருக்கு. சவப்பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்தார். "நீயே சொல்லுடா இவனுக்கு," என்றார். பிறகு அழுதார். சாயங்காலம் ஒரு கிண்ணம் கோழிக்கஞ்சி குடித்தார்.

துக்க வீட்டார் நன்றி சொல்லக்கூடாது, யாரையும் வாசல்வரை வழியனுப்பவும் கூடாது என்பது எங்கள் வழக்கம். டெல்ஃபின் கயிறு கட்டுவதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன்.

எல்லாச் சடங்கும் முடிந்தபின் ஒரு காலையில் அவர் வண்டி எங்கள் தெருவில் வந்தது. படலைத் திறந்துகொண்டு ஓடினேன். "அண்ணே, அன்னிக்கு நீங்க…"

"வேலை கிடக்கு, தங்கச்சி, அப்புறம் பேசலாம்," என்றவர், என் தலைக்குமேல் வீட்டைப் பார்த்துக் கத்தினார்: "நார்டோ அன்னிக்குக் கறுப்புச் சட்டைதானே போட்டிருந்தாரு?"

"வெள்ளைடா, கழுதை! இரு, வர்றேன்!" உள்ளிருந்து செருப்புச் சத்தம் கிளம்பியது.

டெல்ஃபின் வண்டியை அணைத்தார்.