ஊதத் தெரியாத மாமா

என் மாமாவுக்கு ஊதத் தெரியாது என்றுதான் சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். முட்டுக்காட்டில் கடலுக்குப் போய்வருகிறவர். வலை இழுத்து இழுத்து மார்பு கதவு மாதிரி அகன்றிருக்கும். ஆனாலும், எனக்கு வீசிங் வந்தபோது டாக்டர் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்ன பிளாஸ்டிக் குழாயில் தினமும் என்னிடம் தோற்றார்.

குழாயில் ஒரே மூச்சாக ஊதினால் முள் நகரும். பச்சையில் நின்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் மூச்சுக்கு மருந்து தெளிக்கும் பம்பை வாயில் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அம்மா கெஞ்சினாலும் ஊதமாட்டேன். முள் இறங்கினால் ஊசி போடுவார்களே! மாமாதான் அதைப் போட்டியாக்கினார். கடலிலிருந்து வந்ததும் ஈரச் சட்டையோடு எதிரே உட்காருவார். நான் உயிரைக் கொடுத்து ஊதுவேன். அவர் குழாயைக் கழுவி, கன்னம் உப்ப ஊதுவார். முள் எனக்குக் கீழேதான் நிற்கும். "இன்னா புள்ள, இன்னிக்கும் கவுத்துட்டியே!" என்று தலையில் கைவைத்துக்கொள்வார்.

மாமாவின் நிச்சயதார்த்தத்தன்று ஊரப்பாக்கத்துப் பெண் வீட்டுக்குக் கிளம்ப வேன் வந்துவிட்டது. எனக்கு மூச்சு முட்டியது. புதுப்பாவாடையின் நாடா இறுக்கம் என்று அம்மா தளர்த்திவிட்டாள். மாப்பிள்ளையோ பட்டுச் சட்டையோடு என்முன் குந்தினார்.

"வா, ஒரு ஊது ஊதிடலாம்."

முள் சிவப்பைத் தாண்டவில்லை. அவர் ஊதியது அதற்கும் கீழே. நான் கைதட்டினேன். அவர் தலையில் கைவைக்கவில்லை. நீலப் பம்பை எடுத்து என் வாயில் வைத்து அழுத்தினார்.

"யக்கா, வேன ஆஸ்பத்திரிக்கு வுடச் சொல்லு."

"பொண்ணு வூட்டுல காத்துகினு கீறாங்கடா!"

"அவுங்க காத்துகினு இருப்பாங்க. இவ மூச்சு காத்துகினு இருக்குமா?"

நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். இன்று நான் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறும்போதெல்லாம் மாமாவை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.

மாலையில், நிச்சயப் புடவை கலையாமல், அந்தப் பெண்ணே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று போர்வைக்குள் ஒடுங்கினேன். மாமா குழாயை நீட்டினார். நான் ஊதினேன், முள் மஞ்சளுக்கு வந்திருந்தது. மாமா வழக்கம்போலத் தோற்றார். அத்தையாகப் போகிறவர் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு தானும் வாங்கி, கண்ணை இறுக மூடி ஊதினார். மாமாவைவிடக் கீழே!

"அய்யே, எனக்கு வரவே மாட்டுது" என்றார்.

மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ மாமாவை நினைத்துப் பாவமாக இருந்தது. தேடித் தேடி, தன்னைவிட மோசமாக ஊதுகிற பெண்ணாகவா பார்க்க வேண்டும்?