உன் கல்லுதான்

வைரங்களுக்குத் தரம் போடும் கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் சல்லடை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். உள்ளே இருக்கும் புள்ளியும் விரிசலும் எவ்வளவு பெரியவை, எந்த இடத்தில் இருக்கின்றன என்பதை வைத்துத் தரம் எழுதுவாள். முகதாட்சண்யம் கிடையாது, முதலாளி வீட்டுக் கல்லானாலும் குறை குறைதான்.

சொந்தக்காரர்கள் மோதிரத்தை நீட்டினால் மட்டும், "நல்லா மின்னுது" என்பதோடு வாயை மூடிக்கொள்வாள். தங்கையின் கல்யாண மோதிரத்துக்கும் அதையேதான் சொன்னாள். ஆனால் ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? தங்கை கைகழுவக் கழற்றி வைத்த நேரத்தில் லென்ஸை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டாள்.

பல வருஷம் கழித்து, அதே மோதிரத்தோடு தங்கை அழுதபடி வந்தாள்.

"மெருகு போடக் கொடுத்தேங்க்கா. கடைக்காரன் கல்லையே மாத்திட்டான். இது என்னோடது இல்ல!"

சல்லடை லென்ஸைக் கண்ணருகே பிடித்தாள். விளிம்போரம் கடுகளவு கறுப்பு, பக்கத்திலேயே இறகு போல ஒரு விரிசல். கைரேகை மாதிரி, இன்னொரு கல்லில் இப்படியே அமையாது.

"அழாதேடி, உன் கல்லுதான். அந்தக் கரும்புள்ளி அப்படியே இருக்கு."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எந்தக் கரும்புள்ளி?"