அண்ணி காய்ச்சின தண்ணி

எங்க அண்ணிக்குச் சூட்டு மேல அப்படி ஒரு நம்பிக்கை. ஆஸ்பத்திரியில ஆபரேஷன் கத்தி, கத்தரிக்கோல் எல்லாத்தையும் நீராவிப் பெட்டியில வெச்சுச் சுத்தம் பண்றது அவங்க வேலை. ஜன்னல் இல்லாத அறை, நாள் முழுக்க வேர்வை. "சூடு காட்டினா எந்தக் கிருமியும் ஜென்மத்துக்கும் எழுந்திரிக்காது"ன்னு பெருமையாச் சொல்லுவாங்க. வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்க மாட்டாங்க. ஸ்பூன், சீப்பு, பொம்மை எல்லாம் கொதிக்கும். "என்னை மட்டும் ஏன் அண்ணி விட்டு வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டா, "அவ்வளவு பெரிய பாத்திரம் இல்ல"ம்பாங்க.

அண்ணனோட ஒரே மகன் வாண்டு. இன்னும் மூணு வயசு ஆகல, அதுக்குள்ள அலமாரி உச்சி வரைக்கும் ஏறுவான். அப்படிப்பட்டவன் திடீர்னு சுருண்டுட்டான். வயிறு வலிக்குதுன்னு அழுவான், சாப்பாட்டைத் தள்ளுவான், மூலையில போய் உக்காந்துக்குவான். அலமாரியைக் காட்டி, "ஏறுடா"ன்னு நானே கெஞ்சிப் பாத்தேன்.

அண்ணிக்கு இருப்புக் கொள்ளல. தண்ணியிலதான் கோளாறுன்னு முடிவு பண்ணினாங்க. அது சரிதான், பாவம். விடிஞ்சதும் மத்த வீட்டுக்காரங்க எழுந்துக்கறதுக்குள்ள குழாயைத் திறந்து, முதல்ல வர்ற தண்ணியைப் பிடிச்சு அடுப்புல ஏத்திடுவாங்க. கொஞ்ச நேரம் கொதிச்சது போய், பாத்திரத்துல பாதி சுண்டற வரைக்கும் கொதிச்சுது. அந்தப் பாதியிலதான் அவனுக்குப் பால், குடிதண்ணி எல்லாம். அவன் வாட வாட இவங்க இன்னும் காய்ச்சினாங்க. சமையலறைச் சுவரே வேர்த்து வழிஞ்சுது.

"தண்ணியைக் காய்ச்சறீங்களா, வறுக்கறீங்களா?"ன்னு ஒரு நாள் கத்திட்டேன்.

"உனக்கு ஒரு பிள்ளை இருந்தா தெரியும்"னாங்க. சுருக்குன்னு குத்துச்சு. அன்னிக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன்.

அண்ணன் தன் பங்குக்கு ஒரு வடிகட்டி ஜாடி வாங்கிட்டு வந்தான். குளோரின் வாடை போச்சு. பிள்ளை அப்படியேதான் இருந்தான். அடுத்து நீல விளக்கு எரியற மெஷின் வாங்கறேன்னு குதிச்சான். அதுக்குள்ள டாக்டர் வாண்டோட ரத்தத்தைப் பாத்துட்டு, ஈயம் கலந்திருக்குன்னார்.

தண்ணியைச் சோதிக்க ஒரு அம்மா வந்தாங்க. பாத்திரம் கழுவற தொட்டிக்கு அடியில குனிஞ்சு, குழாயைச் சாவியால சுரண்டினாங்க. அழுக்குக்குக் கீழ பளபளன்னு தெரிஞ்சுது.

"ஈயக் குழாய். பழைய கட்டடம் இல்லையா? ராத்திரியெல்லாம் தண்ணி இதுக்குள்ளயே கிடந்து ஊறும். காலையில முதல்ல வர்றதைக் குடிக்கப் பிடிக்கவே கூடாது."

"நான் நல்லாக் காய்ச்சித்தாங்க குடுக்கறேன்"னாங்க அண்ணி.

"காய்ச்சினா கிருமி சாகும்மா. ஈயத்துக்கு ஏது உயிர், சாகறதுக்கு? தண்ணிதான் ஆவியாப் போகும், ஈயம் அப்படியே தங்கிடும். சுண்டச் சுண்ட மிச்சத் தண்ணியில அதிகமாத்தான் இருக்கும்."

நீல விளக்கும் கிருமிக்கு மட்டும்தானாம். ஈயம் போகணும்னா, தண்ணியை ஜவ்வு வழியா அழுத்தித் தள்ளற ஆர்.ஓ. மெஷின் மாட்டணும், குழாயையும் மாத்தணும்னாங்க.

அண்ணி அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. "என் கையாலயே காய்ச்சிக் காய்ச்சி ஊத்தினேனே"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டாங்க. நான் பக்கத்துல போய் உக்காந்து, அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

மெஷின் வந்துச்சு. வீட்டு ஓனர்கிட்ட மல்லுக்கட்டி அண்ணன் குழாயையும் மாத்த வெச்சான். அடுத்த ரத்தச் சோதனையில ஈயம் இறங்கியிருந்துச்சு, இன்னும் இறங்கணும்னார் டாக்டர். வாண்டு மறுபடி அலமாரி ஏறினான், நான் மறுபடி திட்டினேன். அண்ணி மட்டும் பிள்ளைக்குத் தண்ணி காய்ச்ச அடுப்புப் பக்கமே போகல.

பிரச்சினை என்னன்னா, பொறந்ததுலேர்ந்து அவன் ஆறின தண்ணி குடிச்சதே இல்ல. நேத்தும் தம்ளரைத் தள்ளி விட்டு, "சூடு வேணும்"னு அடம்.

"இப்பதான் சுத்தமாச்சே அண்ணி, லேசாச் சுட வெச்சாத்தான் என்ன?"ன்னேன்.

மாட்டேன்னு தலையை ஆட்டினாங்க. அடுப்பை ஒரு தடவை பாத்தாங்க. அப்புறம் தம்ளரை ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சு, மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. ரொம்ப நேரம் கழிச்சு அவன்கிட்ட நீட்டினாங்க.

வாண்டு ஒரு வாய் குடிச்சான். "இன்னும் சூடு"ன்னு திருப்பிக் குடுத்தான்.

அண்ணி வாங்கி, மறுபடியும் பொத்திப் பிடிச்சுக்கிட்டாங்க.