ராசம்மா மாமியின் கும்மி

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பழைய சாமான் கடையில் யாரோ ஆர்மோனியத்தின் துருத்தியை இழுத்துப் பார்க்க, பழந்தோலும் பூச்சியுருண்டையும் கலந்த வாசனை வந்து, வெள்ளைக்காரன் காலத்தில் கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த, இப்போது சரக்குக் கிட்டங்கி எழும்பிவிட்ட அந்தப் பொது முற்றத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. துறைமுக வேலை முடிந்து வரும் அப்பா, குழாய் சொட்டும் சத்தத்துக்கு நடுவே, கோயில் திருவிழாக் கும்மிக்குப் பெண்கள் வைக்கும் அடியைப் பார்த்துப் பார்த்துத் தன் ஆர்மோனியத்தில் மெட்டுக் கட்டுவார்.

அந்த வருஷம் பக்கத்து வீட்டு ராசம்மா மாமியும் ஆட வந்து நின்றார். சிறுவயதுக் காய்ச்சலில் சூம்பிய இடது காலை அவர் இழுத்துத்தான் வைப்பார். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் அறுந்தது.

“நீங்க நடுவில நிண்டு பாடுங்கோவன்,” என்றார் அப்பா.

“பாடக் குரல் இல்லை, ஆடக் கால் இருக்கு. மெட்டை என்ர காலுக்குக் கட்டுங்கோ.”

அப்பா ஒரு கிழமை முழுக்க மினக்கெட்டு, மாமி கால் இழுக்கும் இடத்தில் ஒரு சுரத்தை நீட்டி, அது முடிந்த பிறகு கைதட்டு விழும்படி வைத்தார். எல்லோரும் அந்த நீட்டலில் காத்து நின்று தட்டினார்கள். வட்டம் அறுபடவில்லை.

மெட்டு பரவி, அடுத்த வருஷம் பக்கத்து மட்டக்குளிப் பெண்களும் அதே மெட்டுக்கு ஆட வந்தார்கள், எல்லோரும் இடது காலை இழுத்து இழுத்து. மாமி பதறிப்போய்க் கத்தினார்: “ஏன்டி, நல்ல காலை வச்சுக்கொண்டு நொண்டுறியள்?”

முன்னால் நின்றவள் ஆட்டத்தை நிறுத்தாமலே சொன்னாள்: “இந்த மெட்டுக்கு இதுதான் அடி, மாமி. தெரியாட்டி சும்மா இருங்கோ.”